பிறந்த நேரம் குறித்தீர்களா? ஊசி போட்ட நேரத்தையும் கேளுங்கள்!

தோட்டப்புறத் தாய்மார்களே, தகப்பன்மார்களே,

ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் நாம் முதலில் கேட்பது என்ன? ஆணா, பெண்ணா என்று கேட்போம். அடுத்த கேள்வி, எத்தனை மணிக்குப் பிறந்தது? பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் பாட்டி, மிஸியை விடாமல் கேட்டு மணி, நிமிடம் எல்லாம் குறித்துக்கொண்டுதான் வீட்டுக்கு வருவார். ஜாதகம் கணிக்க வேண்டுமே! நான் அதைக் குறை சொல்லவில்லை. என் பிள்ளைகள் இருவருக்கும் என் மாமியார் அப்படித்தான் குறித்து வைத்தார். ஆனால் அந்த நேரத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அந்த நிமிடத்திலிருந்து 24 மணி நேரத்துக்குள் அந்தப் பச்சைக் குழந்தையின் தொடையில் ஓர் ஊசி ஏற வேண்டும். அதுதான் ஹெப்பாட்டைட்டிஸ் பி தடுப்பூசி.

குலை வெட்டுகிறவர்களுக்கு 24 மணி நேரக் கணக்கு புதிதல்ல. செம்பனைக் குலையை வெட்டிப் போட்டால் 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு ஏற்றிவிட வேண்டும். பிந்தினால் எண்ணெயில் அமிலம் கூடிப்போகும். பிறகு ஆலையில் என்ன வித்தை செய்தாலும் போன தரம் திரும்பாது. இந்த ஊசியும் அப்படித்தான். முதல் நாள் போட்டால் கிடைக்கிற பலன் பத்தாம் நாள் போட்டால் கிடைக்காது.

"அதான் ஆஸ்பத்திரியிலேயே போட்டுர்றாங்களே, இதுக்கு ஏன் ஒரு கட்டுரை?" என்று கேட்பீர்கள். உண்மைதான். மலேசியாவில் 1989-ஆம் ஆண்டு முதல் பிறக்கும் குழந்தைகள் எல்லோருக்கும் இந்த ஊசி போடும் திட்டம் நடக்கிறது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பெற்றால் தாயும் பிள்ளையும் வீட்டுக்குக் கிளம்பும் முன்பே போட்டுவிடுவார்கள். இருந்தாலும் வீட்டிலே பிறந்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கைப்பேசியில் வந்த ஏதோ ஒரு செய்தியை நம்பி "என் புள்ளைக்கு வேண்டாம்" என்று கையெழுத்துப் போடும் பெற்றோர் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தன் இரத்தத்தில் இந்தக் கிருமி இருப்பது தெரிந்தும் வெட்கத்திலும் பயத்திலும் வாய் திறக்காத தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஹெப்பாட்டைட்டிஸ் பி என்பது கல்லீரலில் குடியேறும் ஒரு வைரஸ் கிருமி. தோட்டத்துக்கு ஆலை எப்படியோ உடம்புக்குக் கல்லீரல் அப்படி. நாம் தின்பது, குடிப்பது, விழுங்கும் மருந்து எல்லாம் அங்கே போய்த்தான் பக்குவமாகிறது. இந்தக் கிருமி அங்கே பல வருடம் தங்கிவிட்டால் கல்லீரலில் தழும்பு விழும். மரம் வெட்டுகிறவர்களுக்குத் தெரியும், கத்தி ஆழமாக இறங்கிக் காயம் பட்ட இடத்தில் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். அதற்குப் பிறகு அங்கே பால் சரியாக வடியாது. கல்லீரலும் அப்படியே முண்டு முண்டாகிச் சுருங்கிப்போகும். வயிற்றில் நீர் கோக்கும். சிலருக்குப் புற்றுநோயாகவும் மாறும். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022-இல் உலகம் முழுவதும் 25 கோடியே 40 லட்சம் பேர் இந்தக் கிருமியோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்த ஒரு வருடத்தில் இதனால் இறந்தவர்கள் ஏறத்தாழ 11 லட்சம் பேர்.

இது பரவும் வழி மூன்று: இரத்தம், உடலுறவு, தாயிடமிருந்து பிள்ளை. ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. ஒரே மக்கில் தண்ணீர் குடித்தால் பரவாது. தொட்டால், கட்டிப்பிடித்தால், இருமினால் பரவாது. இதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இந்தக் கிருமி எந்த வயதில் உடம்புக்குள் நுழைகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. வளர்ந்த ஆளுக்கு வந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் சில மாதங்களில் உடம்பே அதை விரட்டிவிடும். பிறக்கும்போதே வந்தால் கணக்கு தலைகீழ். பத்துக் குழந்தைகளில் ஒன்பதுக்கு அது ஆயுள் முழுவதும் தங்கிவிடும். ஏன் தெரியுமா? நம் உடம்புக்குள் ஒரு ஜாகா இருக்கிறான், நோய் எதிர்ப்புச் சக்தி என்று சொல்கிறோமே, அவன்தான். பச்சைக் குழந்தையின் உடம்பில் இருக்கும் ஜாகா இன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்தவன். யார் வீட்டு ஆள், யார் திருடன் என்று அவனுக்கு இன்னும் தெரியாது. கூடவே நுழைந்த திருடனையும் வீட்டு ஆள் என்று நினைத்து உள்ளே விட்டுவிடுகிறான். திருடனும் சத்தம் போடாமல் இருந்துகொள்கிறான். காய்ச்சல் இல்லை, மஞ்சள் இல்லை, பிள்ளை கொழுகொழுவென்று வளரும், பள்ளிக்குப் போகும், வேலைக்குப் போகும், கல்யாணமும் ஆகும். முப்பதிலோ நாற்பதிலோதான் கணக்குத் தீர்க்க வருவான்.

கிருமி எப்போது தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகிறது? வயிற்றில் இருக்கும்போதே போவது குறைவு. பெரும்பாலும் பிரசவ நேரத்தில், தாயின் இரத்தமும் நீரும் பிள்ளைமேல் படும்போதுதான் போகிறது. அதனால்தான் பிறந்தவுடன் போடும் ஊசிக்கு வேலை இருக்கிறது. நுழைந்த கிருமி கல்லீரலில் பாய் விரித்துப் படுப்பதற்குள் ஜாகாவுக்குத் திருடனின் படத்தைக் காட்டிவிட வேண்டும். தடுப்பூசி என்பது அந்தப் படம்தான். அதில் கிருமியே கிடையாது. கிருமியின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் ஈஸ்ட்டை வைத்துத் தயாரிக்கிறார்கள். ரொட்டி புளிக்க வைக்கிற ஈஸ்ட் இருக்கிறதே, அந்த வகைதான். ஊசியால் இந்த நோய் வராது, வரவும் முடியாது.

இப்போது ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். அவர்களிடம் கேட்டு, சம்மதம் வாங்கி, ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

2014-இல் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு தம்பி இறந்துபோனான். வயது 34. குலை வெட்டுக்காரன், நல்ல உழைப்பாளி. ஆறு மாதத்தில் வயிறு பானை மாதிரி வீங்கி, கை கால் குச்சியாகிப் போய்விட்டான். கல்லீரல் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். லயத்தில் என்ன சொன்னார்கள் தெரியுமா? "சம்சு, வேற என்ன!" என்றார்கள். அவன் குடிப்பவன்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். சம்பள நாளில் இரண்டு பீர். அவ்வளவுதான். ஆனால் கல்லீரல் என்றாலே சம்சு என்று நமக்கு ஒரு முடிவு இருக்கிறது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கும் அந்த முடிவுதான் இருந்தது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் ஹெப்பாட்டைட்டிஸ் பி என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் அவன் தாயையும் உடன்பிறந்தவர்களையும் கூப்பிட்டு, "நீங்களும் ஒருதரம் இரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லவில்லை. துக்க வீட்டில் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டேன். பிறகு மறந்தே போனேன்.

இரண்டு வருடம் கழித்து அவன் தங்கச்சி தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தாள். கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெப்பாட்டைட்டிஸ் பி பாசிட்டிவ். புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவள் அந்தப் பக்கத்தை யாருக்கும் காட்டவில்லை. புருஷனுக்குத் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஒரு நாள் தலைவலி மாத்திரைக்கு வந்தவள், "டிரஸர் ஐயா, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று என்னிடம் நீட்டினாள். அப்போதுதான் என் தலையில் இடி விழுந்தது.

டிசம்பர் மாதம். நான்கு நாளாக மழை. பிள்ளை பிறக்க இரண்டு வாரம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ராத்திரி வலி எடுத்துவிட்டது. தோட்டத்துச் சாலையில் பாலத்துக்கு மேல் தண்ணீர். ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம் நிற்கிறது, இவர்கள் இந்தப் பக்கம். நான் நனைந்துகொண்டு போய்ச் சேர்வதற்கும் பிள்ளை தலை காட்டுவதற்கும் சரியாக இருந்தது. ஆண் குழந்தை. கடவுள் புண்ணியத்தில் தாய்க்கும் பிள்ளைக்கும் குறையில்லை. பாட்டி முதல் வேலையாகச் சுவர் நாட்காட்டியில் எழுதினார்: 3.10.

விடிந்து தண்ணீர் வடியத் தொடங்கியது. "பாட்டி, புள்ளைய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். காடி வரச் சொல்லியிருக்கேன்" என்றேன்.

"எதுக்கு? புள்ள நல்லாத்தானே இருக்கு. இந்த மழையில பச்ச ஒடம்பத் தூக்கிட்டு எங்க போறது? இன்னைக்கு நாளும் சரியில்ல. ரெண்டு நாள் போகட்டும் தம்பி."

என்னால் என்ன சொல்ல முடியும்? அந்தப் பெண் படுக்கையிலிருந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை அவள் சொல்லலாம், நான் சொல்லக் கூடாது. எங்கள் தொழிலில் அது முதல் பாடம். புருஷன் நிற்கிறான், பக்கத்து வீட்டுப் பெண்கள் நிற்கிறார்கள். நான் நாட்காட்டியைக் காட்டினேன்.

"பாட்டி, எத்தன மணின்னு எழுதுனீங்க?"

"மூணு பத்து."

"நாளைக்கு விடியக்காலம் மூணு பத்துக்குள்ள இந்தப் புள்ளைக்கு ஒரு ஊசி போட்டாகணும். இந்த நாட்டுல பொறக்குற எல்லாப் புள்ளைக்கும் போடுற ஊசிதான். சீக்கிரம் போட்டா இன்னும் நல்லது."

"நான் நாலு பெத்தேன். ஒண்ணுக்கும் அந்த ஊசி போடல. எல்லாம் நல்லாத்தான் வளந்துச்சு" என்றார். சொல்லி முடித்த பிறகு அவர் கண் தானாகச் சுவரில் மாலை போட்டிருந்த மகன் படத்துக்குப் போனது. நான் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்து ஒரு பழைய கைலியை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினார். "குடையை எடு" என்று மருமகனிடம் சொன்னார்.

பகல் 1 மணிக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம். பிறந்து பத்து மணி நேரம். மிஸி தாயின் புத்தகத்தைத் திறந்து பார்த்தார், அதற்குமேல் யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒரு தொடையில் தடுப்பூசி, மறு தொடையில் இம்யுனோகுளோபுலின். பிள்ளை ஒரு வயதை நெருங்கும்போது இரத்தம் பார்த்தார்கள். கிருமி இல்லை, எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. அந்தப் பையன் இப்போது தமிழ்ப்பள்ளியில் படிக்கிறான். அவன் மாமனுக்குக் கிடைக்காதது அவனுக்குக் கிடைத்தது.

அதன் பிறகு அந்தப் பெண்ணே மனம் தேறி வீட்டில் சொன்னாள். குடும்பம் முழுவதும் இரத்தம் பார்த்தார்கள். பாட்டிக்கும் இருந்தது. எழுபதை நெருங்கும் வயதில், ஒரு நாள்கூட நோய் என்று படுத்ததில்லை. "உங்களிடமிருந்துதான் வந்தது" என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்லவும் கூடாது. அவர் பிள்ளை பெற்ற காலத்தில் இந்த நாட்டில் குழந்தைகளுக்கு அந்த ஊசித் திட்டமே இல்லை. அவர் யாரிடம் போய்க் கேட்டிருக்க முடியும்?

கதையில் இரண்டு ஊசி என்றேனே, அதை விளக்க வேண்டும். தடுப்பூசி ஜாகாவுக்குப் படத்தைக் காட்டுகிறது. ஆனால் அவன் படித்துத் தயாராகச் சில வாரம் ஆகும். இம்யுனோகுளோபுலின் என்பது வெளியிலிருந்து வாடகைக்கு அழைத்து வரும் காவல்காரர்கள். வேறு மனிதர்களின் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள். போட்டவுடன் வேலை செய்யும், சில மாதத்தில் போய்விடும். அதற்குள் ஜாகா தேறிவிடுவான். பாசிட்டிவ் தாய்க்குப் பிறந்த பிள்ளைக்கு இந்த இரண்டும் வேண்டும், முடிந்தால் 12 மணி நேரத்துக்குள். ஒன்றும் செய்யாமல் விட்டால், கிருமி வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் தாய்மாரின் பிள்ளைகள் பத்துப் பேரில் ஏழிலிருந்து ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். இரண்டு ஊசியையும் நேரத்தோடு போட்டு மற்ற ஊசிகளையும் முடித்தால் பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு மேல் தப்பிவிடுகிறார்கள்.

மிச்சம் இருக்கும் சிலரையும் காப்பாற்ற இப்போது வழி வந்திருக்கிறது. தாயின் இரத்தத்தில் கிருமி எண்ணிக்கை மிக அதிகம் என்றால், ஏழு மாதம் ஆகும்போது, அதாவது 28-ஆவது வாரத்திலிருந்து, டெனோபோவிர் என்ற மாத்திரையைக் கொடுப்பார்கள். கிருமி குறையும், பிள்ளைக்குப் போகும் ஆபத்தும் குறையும். இது டாக்டர் இரத்தப் பரிசோதனையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது. அதனால்தான் சொல்கிறேன், உண்டானது தெரிந்ததும் முதல் மூன்று மாதத்திலேயே கிளினிக்குக்குப் போங்கள். இரத்தம் எடுத்தால், "ஹெப்பாட்டைட்டிஸ் பி பார்த்தீங்களா, என்ன வந்துச்சு?" என்று வாய் திறந்து கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் பார்க்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மலேசியா 2018-இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. கர்ப்பிணிகளின் இரத்தத்தை முன்கூட்டியே பார்த்ததால்தான் அது முடிந்தது.

இந்த ஊசிக்கு உண்மையாகவே பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு தைவானைக் காட்டுகிறேன். இந்தக் கிருமி மிக அதிகமாக இருந்த தீவு அது. 1984-இல் கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். 1986-இல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கினார்கள். பத்து வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தால் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஓர் ஊசியால் புற்றுநோயைத் தடுக்க முடியும் என்று உலகம் முதலில் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

ஊசி போட்டால் என்ன ஆகும்? போட்ட இடம் கொஞ்சம் வீங்கும், வலிக்கும். சில பிள்ளைகளுக்கு லேசான காய்ச்சல் ஒரு நாள் இருக்கும். கடுமையான ஒவ்வாமை மிக மிக அரிது. கைப்பேசியில் வரும் பயமுறுத்தல்களை அனுப்பினவர் யார், அவர் எத்தனை பிரசவம் பார்த்தவர் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

"ஒங்க ஆஸ்பத்திரியிலேயே வச்சிருந்து போடலாமே ஐயா" என்று அந்தப் பெண்ணின் புருஷன் அன்று கேட்டான். நல்ல கேள்வி. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். சூடு பட்டாலும் கெடும். உறைந்து ஐஸ் ஆனால் அதோடு போயிற்று, பிறகு உருக்கிப் போட்டாலும் வெறும் தண்ணீர்தான். மின்சாரம் போய்ப் போய் வரும் தோட்டத்தில், மீனும் ஐஸும் வைக்கும் பெட்டியில் அதை வைக்க முடியாது.

இனி சமையலறைப் பக்கம் வருவோம். தாய்க்குப் பாசிட்டிவ் என்று தெரிந்ததும் சில வீடுகளில் முதலில் தட்டைப் பிரிப்பார்கள், அடுத்துத் தாய்ப்பாலை நிறுத்துவார்கள். இரண்டும் தப்பு. பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்றென்றால் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம். காம்பு வெடித்து இரத்தம் வந்தால் மட்டும் ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல் பாலைப் பீய்ச்சி விடுங்கள். தட்டு, டம்ளர், துணி எதையும் பிரிக்க வேண்டாம். பிரிக்க வேண்டியது பல் துலக்கும் பிரஷும், சவர பிளேடும், நகவெட்டியும். இந்தக் கிருமி காய்ந்த இரத்தத்திலும் ஏழு நாள்வரை உயிரோடு இருக்கும். பிள்ளைக்கு மொட்டை போடும்போது புது பிளேடு மாற்றச் சொல்லுங்கள். காது குத்தும்போது புது ஊசி கேளுங்கள். கோயில் காரியத்தில் இதையெல்லாம் கேட்கலாமா என்று தயங்க வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பிறந்த இரண்டு மூன்று நாளில் குழந்தைக்கு வரும் மஞ்சள் வேறு. மிஸி வீட்டுக்கு வந்து கண்ணையும் தோலையும் பார்ப்பது அதற்குத்தான். ஹெப்பாட்டைட்டிஸ் பி தொற்றிய பச்சைக் குழந்தை பெரும்பாலும் மஞ்சளாகாது. "புள்ள மஞ்சளாகல, அதனால ஒண்ணுமில்ல" என்று முடிவு கட்டாதீர்கள்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர் பாருக் ப்ளம்பெர்க் என்ற அமெரிக்கர், அதற்காக 1976-இல் நோபல் பரிசு வாங்கியவர். அவரே சென்னை ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து நம் கீழாநெல்லியை ஆராய்ந்தார் என்றால் நம்புவீர்களா? 1988-இல் வந்த அந்த ஆய்வு நல்ல பலன் என்று சொன்னது. ஆனால் பிறகு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் கீழாநெல்லியை நம்பி ஊசியை விடுவது பெரிய ஆபத்து. பச்சைக் குழந்தைக்கு எந்த மூலிகைச் சாறும் புகட்டவே புகட்டாதீர்கள்.

முதல் ஊசியோடு வேலை முடியவில்லை. 2020-ஆம் ஆண்டு கடைசியிலிருந்து நம் நாட்டில் ஆறு நோய்க்குச் சேர்த்து ஒரே ஊசியாகப் போடுகிறார்கள். அதில் ஹெப்பாட்டைட்டிஸ் பி-யும் அடங்கியிருக்கிறது. இரண்டு, மூன்று, ஐந்தாம் மாதங்களில் ஒவ்வொன்று, ஒன்றரை வயதில் ஒன்று. நம் ஆட்களிடம் ஒரு பழக்கம், தோட்டம் மாறும்போது அலமாரி, டிவி, சாமி படம் எல்லாம் லாரியில் ஏறும், பிள்ளையின் சுகாதாரப் புத்தகம் மட்டும் பழைய வீட்டு ஜன்னலில் கிடக்கும். புதுத் தோட்டத்துக் கிளினிக்கில் எத்தனை ஊசி போட்டாயிற்று என்று கேட்டால் தாய் விரலை எண்ணுவாள். அந்தப் புத்தகத்தை ஐ.சி. வைக்கும் இடத்தில் வையுங்கள். பாசிட்டிவ் தாய்மார்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒன்பது மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில் பிள்ளைக்கு இரத்தம் பார்க்க வேண்டும். அதுவரை தப்பியதா இல்லையா என்று தெரியாது.

நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களையும் மறக்க வேண்டாம். அவர்கள் குடியிருப்பில் பிள்ளை பிறந்தால் காகிதம் இல்லை, பணம் இல்லை, யாராவது பிடித்துவிடுவார்கள் என்று பயந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். உங்களுக்குத் தெரிய வந்தால் அன்றைக்கே உங்கள் தோட்டத்து டிரஸரிடமோ சங்கக் கிளைச் செயலாளரிடமோ சொல்லுங்கள். மூன்று நாள் கழித்துச் சொன்னால் ஊசியின் பலன் குறைந்துவிடும். அந்தப் பிள்ளையும் நம் ஆயா கொட்டகையில் நம் பிள்ளைகளோடுதான் விளையாடப் போகிறது.

1989-க்கு முன் பிறந்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், பிறந்தபோது இந்த ஊசி போடாதவர்கள். எனக்கு வேலையில் சேரும்போதுதான் மூன்று ஊசி போட்டார்கள். நீங்கள் அந்த வயதுக்காரர் என்றால், அதுவும் வீட்டில் யாருக்காவது கல்லீரல் நோய் இருந்தது என்றால், ஒருதரம் இரத்தம் பாருங்கள். கிருமி இல்லை என்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம். இருந்தால் பயப்பட வேண்டாம். எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு நாளுக்கு ஒரு மாத்திரை கிருமியை அடக்கி வைக்கும். டாக்டர் சொல்லும் நாளில் தவறாமல் போக வேண்டும், மதுவைத் தொடவே கூடாது.

போன இதழுக்குப் பிறகு ஒரு சகோதரி எனக்கு எழுதியிருந்தார். "எனக்குப் பாசிட்டிவ். என் மகளுக்கு மூன்று வயது. ஊசி எல்லாம் போட்டாயிற்று, ஆனால் இரத்தம் பார்க்கவே இல்லை. இப்போது போனால் ஏசுவார்களோ?" என்று கேட்கிறார். அம்மா, ஏசினால் ஏசட்டும், காதில் வாங்காதீர்கள். உங்கள் புத்தகம், மகளின் புத்தகம் இரண்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிளினிக்குக்குப் போங்கள். பெரும்பாலும் நல்ல செய்திதான் வரும். தொற்றியிருந்தால்கூட மூன்று வயதில் தெரிந்துகொள்வது முப்பத்து நான்கு வயதில் தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் தோட்டத்து டிரஸரைக் கூட வரச் சொல்லுங்கள். வருவார்.